106 என்ற எண்ணுக்கு இரண்டு விலைகள்

2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் நடந்த ஏலத்தில், 1995-ஆம் ஆண்டில் தயாரான மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் கார் ஒன்று 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அந்தக் கார் 26 ஆண்டுகளில் ஓடியிருந்த தூரம் 400 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தத் தொகையை என் குறிப்பேட்டில் எழுதி முடித்த பிறகு, அதே பக்கத்தில் அதற்கு மேலே முன்பு எழுதியிருந்த எண்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1990-களில் புதிய எஃப்1-இன் விலை ஏறத்தாழ 5 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு. 2008 அக்டோபரில், பெரிய வங்கிகளே ஆட்டம் கண்டுகொண்டிருந்த வாரங்களில், லண்டன் ஏலத்தில் ஓர் எஃப்1 25 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்குக் கைமாறியது. 2013-இல் இன்னொன்று 84 லட்சத்து 70 ஆயிரம் டாலர். 2017-இல் வேறொன்று 1 கோடியே 56 லட்சம் டாலர். அடுத்த நான்கே ஆண்டுகளில் 2 கோடியைக் கடந்துவிட்டது.

அரிய சூப்பர் கார்களின் ஏல முடிவுகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். ஓர் இயந்திரத்தை உலகம் எப்போது, எதற்காக மதிக்கத் தொடங்குகிறது என்பதை அந்த எண்களைப் போல வெளிப்படையாகச் சொல்லும் வேறொன்றை நான் கண்டதில்லை. ஆனால் இந்த விலையேற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

குறைவாகத் தயாரித்தார்கள், ஆகவே விலை உயர்கிறது என்பதே அந்தக் காரணம். நானும் நெடுங்காலம் அதை அப்படியே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது மெக்லாரன் நிறுவனமேதான். எஃப்1 வகையில் முன்மாதிரிகள், சாலைக் கார்கள், பந்தயக் கார்கள் என எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் 106 கார்கள் தயாராயின. 1998-இல் அதன் தயாரிப்பு நின்று 20 ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் ஸ்பீட்டெயில் என்ற காரை அறிவித்தபோது, வேண்டுமென்றே அதே 106 என்ற எண்ணிக்கையை நிர்ணயித்தது. எஃப்1-இல் இருந்ததைப் போலவே ஓட்டுநரின் இருக்கையை நடுவில் வைத்து, அதன் இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு இருக்கைகளை அமைத்தது. வேகத்திலும் புதியது பழையதை விஞ்சியது; அதன் உச்ச வேகம் மணிக்கு 403 கிலோமீட்டர். வரி நீங்கலாக 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு விலையிட்டிருந்தும் 106 கார்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். நிறுவனம் அதே, எண்ணிக்கை அதே, நடு இருக்கை அதே. ஆனாலும் ஸ்பீட்டெயில் கைமாறும் விலை எஃப்1-இன் விலைக்கு அருகில்கூட வரவில்லை.

இதைவிடத் தெளிவான ஒப்பீடு ஒன்றும் உண்டு. ஃபெராரி எஃப்40 காரை முதலில் 400 மட்டுமே தயாரிப்பதாகத் திட்டமிட்டிருந்தார்கள்; கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனதால் 1987 முதல் 1992 வரை 1,300-க்கும் மேல் தயாரித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்த ஜாகுவார் எக்ஸ்ஜே220 சுமார் 280 மட்டுமே தயாரானது. எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் ஜாகுவாரின் விலை ஃபெராரியின் விலையைப் போல நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறானது. நல்ல நிலையிலுள்ள எஃப்40 இன்று 20 லட்சம் டாலரைத் தாண்டியே விற்கிறது. எக்ஸ்ஜே220 அதில் நான்கில் ஒரு பங்கை எட்டுவதற்கே சிரமப்படுகிறது.

எஃப்40 காரை ஒரு கண்காட்சியில் மிக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. தூரத்திலிருந்து பளபளப்பான சிவப்பாகத் தெரிந்த உடல், பக்கத்தில் போனதும் வேறுவிதமாகத் தெரிந்தது. எடையைக் குறைப்பதற்காகப் பெயின்டை மெல்லியதாகப் பூசியிருந்ததால், அதன் அடியிலிருந்த கெவ்லார் இழைகளின் நெசவு, நனைந்த துணிக்குள் தெரியும் நூலைப் போலத் தெரிந்தது. கதவின் உட்புறத்தில் கைப்பிடி இல்லை. இழுத்துத் திறப்பதற்கு ஒரு கம்பிவடம் மட்டுமே இருந்தது. தரையில் விரிப்பு இல்லை. பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் பச்சை நிறப் பசை கோடாக வழிந்து அப்படியே உறைந்திருந்தது. அதை மறைக்க யாரும் முயலவில்லை. பின்புறத்தில் வரிவரியாக வெட்டப்பட்ட பிளாஸ்டிக் கண்ணாடியின் வழியே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போக்கள் இரண்டைப் பொருத்திய, எட்டு சிலிண்டர்கள் கொண்ட வி8 எஞ்சினைப் பார்க்க முடிந்தது. வேகத்தைத் தவிர வேறெந்த நோக்கமும் அந்தக் காருக்கு இல்லை என்பதை அதன் ஒவ்வோர் அங்குலமும் சொன்னது. 1988 ஆகஸ்டில் காலமான என்ஸோ ஃபெராரி, தம் பெயர் தாங்கிய நிறுவனத்தில் தாமே ஒப்புதல் அளித்து வெளிவரச் செய்த கடைசிக் கார் அது என்பதையும் சேர்த்து நினைத்தால், வாங்குகிறவர் எதற்காகப் பணம் கொடுக்கிறார் என்பது புரியத் தொடங்குகிறது.

ஜாகுவாரின் கதையில் அந்த முழுமை கிடைக்கவில்லை. 1988-இல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் அதைக் காட்டியபோது வி12 எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. ஜாகுவார் பொறியாளர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு, தங்கள் சொந்த ஆர்வத்தில் கூடிச் செய்த கார் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 50 ஆயிரம் பவுண்டு முன்பணம் கட்டினார்கள். 1992-இல் கையில் கிடைத்த காரில் வி12-க்குப் பதிலாக டர்போ பொருத்திய வி6 இருந்தது. பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கின. விலையோ பணவீக்கத்தோடு சேர்ந்து 4 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டாக உயர்ந்திருந்தது. இடையில் பொருளாதாரமும் சரிந்திருந்ததால், முன்பணம் கட்டியவர்கள் பின்வாங்க, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. விற்காமல் தேங்கிய கார்கள் பல ஆண்டுகள் காத்திருந்தன. மெக்லாரன் எஃப்1 வரும்வரை உலகின் மிக வேகமான தயாரிப்புக் கார் என்ற பெருமை எக்ஸ்ஜே220-க்குத்தான் இருந்தது. அதன் நீண்டு வழுக்கிச் செல்லும் உடல் இன்றளவும் அழகாகவே இருக்கிறது. அதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் சந்தை முதல் ஏமாற்றத்தை எளிதில் மறப்பதில்லை. 30 ஆண்டுகள் கடந்தும் அந்த நீதிமன்ற வழக்குகளின் நிழல் அதன் விலையில் படிந்திருக்கிறது.

ஆகவே என் எண்ணத்தில், எண்ணிக்கை என்பது விலை ஏறுவதற்கான வாசல் மட்டுமே. மறுபடியும் அப்படி ஒன்றைச் செய்ய முடியாது அல்லது யாரும் செய்யமாட்டார்கள் என்ற நிலை வரும்போதுதான் விலை உண்மையில் நகர்கிறது. மெக்லாரன் எஃப்1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோர்டன் முர்ரே வடிவமைத்த அந்தக் காரின் எடை சுமார் 1,140 கிலோ. பிஎம்டபிள்யூ நிறுவனம் அதற்கென்றே உருவாக்கிய 6.1 லிட்டர் வி12 எஞ்சினில் டர்போ கிடையாது. பிரேக்கில் ஏபிஎஸ் கிடையாது. பவர் ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் வழுக்கினால் தடுக்கும் மின்னணு ஏற்பாடு எதுவும் கிடையாது. எஞ்சின் அறையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்காக உட்புறத்தில் தங்கத் தகடு ஒட்டியிருந்தார்கள். 1998-இல் ஜெர்மனியின் சோதனைத் தடத்தில் அது மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. சாலைக்கென்று வடிவமைத்த அந்தக் காரின் பந்தய வடிவம் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1995-இல், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம் பெற்றிருந்தது. இன்றைய பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் இருக்கும்போது, எவ்வளவு பணம் இருந்தாலும் அதே காரை அப்படியே மீண்டும் செய்து சாலையில் விட முடியாது. ஸ்பீட்டெயிலை விஞ்சும் கார் நாளை வந்துவிடும். எஃப்1-இன் இடத்துக்கு வேறொன்று வர வழியில்லை.

இதில் மனத்தைத் தொடும் ஒன்று இருக்கிறது. இன்று கோடிகளில் பேசப்படும் இந்தக் கார்களில் பல, தாம் பிறந்த காலத்தில் வாங்க ஆளின்றி நின்றவை. மெக்லாரன் 300 எஃப்1 கார்களை விற்கத் திட்டமிட்டிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் மந்தமாக இருந்ததால் வாடிக்கையாளர்கள் வரவில்லை. பந்தய வகைகளையும் சிறப்பு வகைகளையும் நீக்கிப் பார்த்தால், வழக்கமான சாலைக் கார்கள் 64 மட்டுமே தயாராயின. இன்று அபூர்வம் என்று கொண்டாடப்படும் அந்த எண், அன்று கிடைத்த தோல்வியின் கணக்கு.

ஃபெராரி எஃப்50-ஐயும் அன்று பலர் மதிக்கவில்லை. 349 மட்டுமே தயாரான அந்தக் காரின் வி12 எஞ்சின், ஃபெராரியின் ஃபார்முலா 1 எஞ்சினிலிருந்து வளர்ந்தது. ஆனால் 1995-இல் அது வெளிவந்தபோது, எஃப்40-இன் கடுமை இதில் இல்லை என்றும் தோற்றம் மனத்தைக் கவரவில்லை என்றும் சொன்னவர்களே அதிகம். நெடுங்காலம் எஃப்40-க்கும், பின்னர் வந்த ஃபெராரி என்ஸோ என்ற காருக்கும் நடுவே கவனிக்கப்படாத பிள்ளையாக அது இருந்தது. 2025 ஆகஸ்டில், ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன் முன்பு வைத்திருந்த மஞ்சள் நிற எஃப்50 ஒன்று 92 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

போர்ஷே கரேரா ஜிடியை 1,500 தயாரிக்க நினைத்து 1,270-இல் நிறுத்திக்கொண்டார்கள். லெ மான் பந்தயத்துக்காக வடிவமைத்து, பின்னர் கைவிட்ட வி10 எஞ்சினுக்கு மறுவாழ்வு கொடுத்த கார் அது. கியரை மாற்றும்போது கையில் படும் குமிழ் மரத்தால் ஆனது. போர்ஷே 917 பந்தயக் காரில் எடையைக் குறைப்பதற்காகப் பொருத்திய மரக் குமிழின் நினைவாக அப்படி வைத்தார்கள். 4 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்ற அந்தக் கார், 2008 நெருக்கடிக்குப் பிறகு அதைவிடப் பல படிகள் இறங்கிக் கைமாறியது. இன்று 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. லெக்சஸ் எல்எஃப்ஏ 500 மட்டுமே தயாரானது. யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கிய அதன் வி10 எஞ்சின், சும்மா ஓடும் நிலையிலிருந்து நிமிடத்துக்கு 9,000 சுழற்சிகளை 0.6 நொடியில் எட்டிவிடும். முள் வைத்த மானியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் மின்னணுத் திரையைப் பொருத்தினார்கள். 3 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு லெக்சஸை யார் வாங்குவார்கள் என்று அப்போது பலரும் கேட்டார்கள். 2012-இல் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அமெரிக்க ஷோரூம்களில் சில கார்கள் விற்காமல் புதிதாகவே நின்றன. இன்றைக்கு எல்எஃப்ஏ ஒன்று விற்பனைக்கு வந்தால், அந்த முதல் விலையைப்போல இரு மடங்குக்குக் குறைத்துக் கேட்பதற்கே யாரும் துணிவதில்லை.

இந்தத் திருப்பத்துக்கு இரண்டு காரணங்களை நான் முதன்மையாகக் காண்கிறேன். ஒன்று, வயது. 12 வயதில் சுவரில் ஒட்டிய படத்தை, கணினி விளையாட்டில் ஓட்டிய காரை, 45 வயதில் வசதி வந்ததும் தேடிப் போகும் மனிதர்கள்தான் இந்தச் சந்தையை நகர்த்துகிறார்கள். அதனால்தான் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்துக் கார்களைத் தேடுபவர்கள் குறைந்துகொண்டிருக்கும்போது, 1980-களுக்கும் 2000-களுக்கும் இடைப்பட்ட கார்களின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, கையால் மாற்றும் கியரும் டர்போ இல்லாத பெரிய எஞ்சினும் மறைந்துகொண்டிருப்பது. 2010-களின் தொடக்கத்தில் ஃபெராரி, கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் கார்களைத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. ஃபெராரி 599 வகையில் கியர் குச்சியோடு வந்தவை சுமார் 30 மட்டுமே. மற்றெல்லாம் ஒன்றாக இருந்தும், உலோகத் தகட்டில் வெட்டிய பாதைகளில் டக் டக்கென்று விழும் அந்தக் குச்சிக்காக மட்டும் வாங்குகிறவர்கள் பல மடங்கு கொடுக்கிறார்கள். தயாரிப்பு நின்றுபோன ஓர் அனுபவத்தை அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். அதை நான் குறைசொல்லமாட்டேன்.

ஆனால் ஏற்றம் நிரந்தரம் என்று நம்புகிறவர்களுக்கு 1990-ஐ நினைவூட்டுவது என் கடமை. என்ஸோ ஃபெராரியின் மறைவுக்குப் பிறகு, ஜப்பானின் பணப்பெருக்கமும் எளிதாகக் கிடைத்த கடனும் சேர்ந்து ஃபெராரி விலைகளை வானத்துக்கு ஏற்றின. ஃபார்முலா 1 வீரர் நைஜல் மான்செல் தம்முடைய எஃப்40-ஐ 1990-இல் 10 லட்சம் பவுண்டுக்கு விற்றார். 36 மட்டுமே தயாரான ஃபெராரி 250 ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த விலைகளில் பெரும்பகுதி கரைந்துபோனது; கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் நொடித்தார்கள். எஃப்40 மறுபடியும் அந்த 10 லட்சம் பவுண்டைத் தொடுவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

250 ஜிடிஓவின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான பாடம் இருக்கிறது. 1960-களில் அவற்றில் ஒன்றை அதன் உரிமையாளர் டெக்சஸ் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். மாணவர்கள் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதற்காக. 1972-இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதை ஒஹாயோவில் திறந்த வெளியில், இழுவை வண்டியின் மேலேயே 15 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் பனியிலும் நிற்கவைத்தார். அதே வகைக் கார் 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கும், 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. பனியில் நின்ற காலத்திலும் அந்தக் காரின் எண்ணிக்கை 36-தான். காலம் அதைப் பார்த்த பார்வை மட்டுமே மாறியது.

வாங்கும் நேரத்தில் விலையைப் பிரித்து வைப்பது காகிதங்கள்தான் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். காரின் அடிச்சட்டமான சேசிஸின் எண்ணும் எஞ்சின் எண்ணும் கியர்பாக்ஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா, முதல் உரிமையாளர் முதல் இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருக்கின்றனவா, காரோடு தந்த பெட்டிகளும் கருவிகளும் கூடவே வருகின்றனவா என்று ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள். ஃபெராரி நிறுவனமே 2006-இல் தனிப் பிரிவொன்றைத் தொடங்கி, பழைய கார்களின் அசல் தன்மையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. பழைய கார்களைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஒருமுறை டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைக் காட்டினார். 3704 என்றிருந்தது. 2004-ஆம் ஆண்டின் 37-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று அதற்குப் பொருள். பள்ளங்கள் தேயாமல் புதிது போலவே இருந்தன; ஆனால் நகத்தால் அழுத்தியபோது ரப்பர் மரம்போல இறுகியிருந்தது. ஓடாமல் நிற்கும் கார் கெடாது என்று நினைப்பவர்கள் அந்த நான்கு எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். அசல் டயர் என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருக்கும். அந்த டயரில் வேகமாக ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

ஓடாத காரிலும் சீல்கள் காய்கின்றன, பெட்ரோல் குழாய்கள் விரிசல் விடுகின்றன. எஃப்40-இன் பெட்ரோல் தொட்டிகள் பந்தயக் காரில் இருப்பதுபோல ரப்பர் பைகள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாற்ற வேண்டும். மெக்லாரன் எஃப்1-இன் எஞ்சின் கணினியோடு பேசுவதற்கு, 1990-களில் வந்த காம்பேக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. அதற்குள் பொருத்திய சிறப்பு அட்டை இல்லாமல் காரின் கோளாறை வாசிக்க வழியில்லை. பல லட்சம் டாலர் மதிப்புள்ள கார்களைக் காப்பதற்காக, யாரும் சீண்டாத அந்த மடிக்கணினிகளை மெக்லாரன் தேடிப் பாதுகாத்தது. விலையேற்றத்தை மட்டும் கணக்கிட்டு, இந்தச் செலவையும் காப்பீட்டையும் ஈரப்பதம் காக்கும் கிடங்கின் வாடகையையும் விட்டுவிடும் லாபக் கணக்குகளை நான் நம்புவதில்லை. ஏலத்தில் அறிவிக்கப்படும் தொகையிலும், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சுமார் 10 சதவீதக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது. விற்றவர் கைக்கு அது போவதில்லை.

சட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாத வெளிநாட்டுக் கார்கள் 25 வயதைக் கடந்தால்தான் அங்கே தடையின்றி இறக்குமதியாகும். போர்ஷே 959 காரை வாங்கிய பில் கேட்ஸ், சுங்கத் துறையின் பிடியிலிருந்து அதை மீட்கப் பல ஆண்டுகள் காத்திருந்தார். 1999-இல் வந்த விலக்கு விதி, சிறப்பு வாய்ந்த கார்களை ஆண்டுக்கு 2,500 மைல் என்ற வரம்போடு அனுமதித்தது. ஒரு கார் 25 வயதை நெருங்கும்போது அமெரிக்க வாங்குநர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவதால் உலகெங்கும் அதன் விலை முன்கூட்டியே அசைகிறது. பிரிட்டனின் வரிச் சட்டமோ தனிநபரின் காரைத் தேய்ந்துபோகும் சொத்தாகக் கருதுவதால், விற்று வந்த லாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது.

இப்போது நிறுவனங்களே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. அன்றைய எண்ணிக்கை தோல்வியால் குறைந்தது; இன்றைய எண்ணிக்கை திட்டமிட்டுக் குறைத்தது. 499, 599, 210 என்று எண்களை முன்பே அறிவித்து, தங்களிடம் ஏற்கெனவே பல கார்கள் வாங்கியவர்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்புகிறார்கள். புதிய ஃபோர்டு ஜிடியை வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதை மீறி விற்றவர் மீது நிறுவனம் வழக்கும் தொடுத்தது. அறக்கொடை ஏலங்களில் விழும் தொகைகளை வைத்து மற்ற கார்களின் விலையை மதிப்பிடுவதும் தவறு. 599 கார்களோடு முடித்துக்கொண்ட ஃபெராரி டேடோனா எஸ்பி3-இல் கூடுதலாக ஒன்றைச் செய்து, 2025-இல் கல்விப் பணிக்காக ஏலம்விட்டபோது 2 கோடியே 60 லட்சம் டாலர் கிடைத்தது. மற்ற 599 பேருடைய கார்களும் அந்த விலைக்குப் போகும் என்று அதற்குப் பொருளில்லை. இருந்தாலும் அத்தகைய ஒரு கார் என் மனத்துக்கு நெருக்கமானது. 399 என்ஸோ கார்களுக்குப் பிறகு 400-ஆவதாக ஒன்றைச் செய்து, ஃபெராரி அதைப் போப் இரண்டாம் ஜான் பாலிடம் ஒப்படைத்தது. அது 2005-இல் ஏலத்தில் விற்கப்பட்டு, பணம் 2004 சுனாமியில் அனைத்தையும் இழந்தவர்களுக்குச் சென்றது. அதே கார் பத்தாண்டுகள் கழித்து 60 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

ஆண்டுக்கு ஆண்டு புதிதாக அறிவிக்கப்படும் வரையறுத்த பதிப்புகளில் எத்தனை, 25 ஆண்டுகள் கழித்து இப்படித் தேடப்படும்? மிகச் சிலவே என்பது என் கணிப்பு. தாமே அபூர்வம் என்று அறிவித்துக்கொண்டு பிறக்கும் கார்கள் ஒன்றையொன்று போலவே இருக்கின்றன. ஒவ்வொன்றின் பெரிய திரையும் மின்கலமும் மென்பொருளும் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும். 30 ஆண்டு பழைய மடிக்கணினியைத் தேடிப் பிடிக்க முடிந்தது. ஆதரவு நிறுத்தப்பட்ட மென்பொருளை யாரிடம் போய்க் கேட்பது?

ஓடிய தூரம் குறையக் குறைய விலை கூடும் என்ற சந்தையின் விதி மட்டும் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. 400 கிலோமீட்டர்கூட ஓடாத அந்த எஃப்1-இன் எஞ்சின், முழுமூச்சில் பாடியதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனால் அதே வகையில் இன்னொரு கார் இருக்கிறது. நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-இல் அதை வாங்கினார். கடைக்குப் போகவும் நெடும் பயணங்களுக்கும் அதை ஓட்டினார். 1999-இல் முன்னால் நின்ற சிறிய கார் ஒன்றின் பின்புறத்தில் இடித்தார். 2011-இல் ஈரச் சாலையில் வழுக்கி மரத்திலும் சாலைப் பலகையிலும் மோதியதில் எஞ்சினே தனியாகக் கழன்று விழுந்தது. அவருக்குத் தோளில் காயம். சரிசெய்ய ஓராண்டுக்கும் மேலாகியது; காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு, அதாவது புதிதாக வாங்கிய விலையைவிடவும் அதிகம். காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவர் மறுபடியும் ஓட்டினார். 2015-இல் அதை விற்றபோது ஓடியிருந்த தூரம் 41,000 மைல், ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர். கிடைத்த விலை சுமார் 80 லட்சம் பவுண்டு.